தம்பியர் பெற்ற பட்டம்

தில்லி மாநகரில் குடியேறி வாழும் தமிழர்களுள் கன்னாட் பிளேஸ் என்னும் பெயரை அறியாதார் இலர். ஊரிலிருந்து முதன்முதலாக வரும் தாய் தந்தையரை நாம் அழைத்துச் சென்று காட்டும் இடங்களுள் அதுவும் ஒன்று. வட்டமாக அமைந்த வெள்ளைத் தூண்களின் வரிசையைக் கண்டு வியந்து, "இப்பெயருக்குப் பொருள் என்ன?" என்று அவர்கள் வினவினால், "யாரோ ஓர் ஆங்கிலத் துரையின் பெயர்" என்று சொல்லிவிட்டு நாம் மேலே நடந்துவிடுகிறோம். 1995-ஆம் ஆண்டில் அரசு அவ்விடத்திற்கு ராஜீவ் சௌக் என்று பெயர் சூட்டியது; மெட்ரோ நிலையமும் அப்பெயராலேயே வழங்குகிறது. ஆயினும் கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் இன்றும் 'சி.பி.' என்றே சொல்கின்றனர். நாவில் ஊறிய பெயர் எளிதில் அகல்வதில்லை.

கன்னாட் என்பது உண்மையில் ஆள் பெயரன்று. நாட்டுப் பகுதி ஒன்றன் பெயர். அயர்லாந்துத் தீவின் மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டிக் கிடக்கும் மாகாணம் அப்பெயரால் வழங்கும். விக்டோரியா அரசியாரின் மூன்றாம் புதல்வராகிய ஆர்தர் இளவரசருக்கு 1874-ஆம் ஆண்டில் 'கன்னாட் கோமகன்' என்னும் பட்டம் வழங்கப்பெற்றது. அப்பட்டத்தோடு கன்னாட்டை ஆளும் உரிமை அவருக்கு வரவில்லை. அங்குள்ள மக்களிடம் வரி தண்டும் உரிமையும் இல்லை. வழக்குத் தீர்க்கும் அதிகாரமும் இல்லை. ஓர் அயர்லாந்து மாகாணத்தின் பெயர், அதனை ஒருநாளும் ஆளாத ஓர் ஆங்கில இளவரசரைப் பற்றிக்கொண்டு, கடல் கடந்து வந்து தில்லியின் கடைத்தெருவுக்கு அமைந்தது.

மண்ணை விட்டுப் பெயர் மட்டும் இவ்வாறு தனித்துப் பயணம் செய்தது எங்ஙனம்? அரசரின் இளைய மைந்தர்க்குக் கோமகன் பட்டம் அளிக்கும் வழக்கத்தின் அறுநூறாண்டு வரலாற்றைச் சிறிது நோக்கினால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும். அவ்வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அரியணை ஒன்று, மைந்தர் பலர்

மன்னராட்சி நிலவிய நாடுகளையெல்லாம் வருத்திய சிக்கல் ஒன்று உண்டு. அரியணை ஒன்று, அரசனுக்கு மைந்தர் பலர். ஒருவன் முடி சூடினால் மற்றையோரை என் செய்வது? அவர்களும் அதே குருதியில் பிறந்தவர். அதே அரண்மனையில் வளர்ந்தவர். வாட்போரும் குதிரையேற்றமும் உடன் கற்றவர். மூத்தவன் மகப்பேறின்றி இறப்பின், ஆட்சியை ஏற்க அவர்கள் வேண்டும். அவன் நெடிது வாழ்ந்து மக்களையும் பெற்றுவிட்டால், அவர்கள் வேண்டாதவர் ஆகிவிடுவர். வேண்டியபொழுது கிடைக்கவும், வேண்டாதபொழுது ஊறு செய்யாதிருக்கவும் அவர்களை எவ்வாறு வைத்திருப்பது என்பதே அரச குடும்பங்களின் பெருங்கவலையாக இருந்தது.

'தம்பியுடையான் படைக்கு அஞ்சான்' என்பது நம் பழமொழி. அரண்மனைகளிலோ தம்பியே அஞ்சத்தக்க படையாக நின்றதுண்டு. நாம் வாழும் இத்தில்லியே அதற்குச் சான்று. மொகலாயர் மரபில் மூத்தவனுக்கே முடி என்னும் விதி இல்லை. 1657-இல் ஷாஜஹான் நோயுற்றார் என்ற செய்தி பரவியதும், அவருடைய நான்கு மைந்தரும் படை திரட்டினர். மூத்தவராகிய தாரா 1659-இல் தில்லியில் கொல்லப்பட்டார். ஷுஜா தோற்று அரக்கான் நாட்டுக்கு ஓடினார். முராத் 1661-இல் குவாலியர்க் கோட்டைச் சிறையில் கொல்லப்பட்டார். எஞ்சி நின்ற ஔரங்கசீப் அரசாண்டார். உடன்பிறந்தார் நால்வருக்கு ஒரு நாட்டைப் பங்கிட முடியாதபோது வாளே பங்கிட்டது.

மேலை ஐரோப்பாவில் மூத்த மைந்தனே முடிக்குரியவன் என்னும் முறை மெல்ல மெல்ல நிலைபெற்றது. முடி யாருக்கு என்ற வழக்கு அதனால் ஒருவாறு தீர்ந்தது. ஆனால், 'எனக்கு என்ன?' என்று கேட்கும் இளையவர்க்கு விடை சொல்லவேண்டிய கடமை எஞ்சியது. அவ்விடையே கோமகன் பட்டமாக வடிவெடுத்தது.

சோற்றுப் பங்கு தனி நாடான கதை

நாம் கோமகன் என்று தமிழில் வழங்கும் 'டியூக்' என்னும் சொல் இலத்தீன் மொழியின் 'டக்ஸ்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. படை நடத்துபவன் என்பது அதன் பொருள். உரோமப் பேரரசில் எல்லைப் படைகளின் தலைவர்க்கு அப்பெயர் இருந்தது. பேரரசு சிதைந்தபின், பெருநிலப் பகுதிகளை ஆண்ட குறுநில மன்னர் அப்பெயரைத் தாங்கினர். எனவே, தொடக்கத்தில் கோமகன் என்றால் மண்ணும் படையும் உடையவன் என்றே பொருள்.

பிரான்சு நாட்டு மன்னர்கள் தம் இளைய மைந்தர்க்கு இத்தகைய நிலப்பகுதிகளைப் பங்காக அளித்தனர். அப்பங்குக்கு 'அபனாஜ்' என்று பெயர். ரொட்டி கொடுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே அதன் வேர் என்பர். ரொட்டி அவர்களுக்கு எது, அதுவே நமக்குச் சோறு. ஆதலின் 'சோற்றுப் பங்கு' என்று அதனை நாம் மொழிபெயர்க்கலாம். பங்கு பெற்றவனின் வழியில் ஆண்மகவு இல்லாது போயின், அந்நிலம் அரசனிடமே திரும்பவேண்டும் என்பது விதி. எழுத்தில் இவ்விதி நன்றாகவே இருந்தது. ஆனால் சோற்றுக்கென்று கொடுத்த பங்கு சோற்றோடு நிற்கவில்லை.

1356-ஆம் ஆண்டில் புவாத்தியே என்னுமிடத்தில் ஆங்கிலேயரோடு நிகழ்ந்த போரில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ழான் தோற்றுச் சிறைப்பட்டார். அப்பொழுது அவருடைய மைந்தருள் இளையவரான பிலிப், பதினான்கு வயதுச் சிறுவர், தந்தையின் பக்கத்தை விட்டகலாது நின்று அவருடனேயே சிறைப்பட்டார். அந்த அன்பிற்குக் கைம்மாறாக 1363-இல் பர்கண்டி என்னும் வளமிக்க நாட்டைத் தந்தை அவருக்குக் கோமகன் பட்டத்தோடு அளித்தார். தந்தை மகனுக்குச் செய்த நன்றி அது. அதன் விளைவைப் பிரான்சு நாடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அனுபவித்தது.

பிலிப் பிளாண்டர்சு நாட்டின் தனி வாரிசாகிய மங்கையை மணந்தார். நெசவுத் தொழிலால் செழித்த அந்நாடும் அவர் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர் மகன் ழான், மன்னரின் தம்பியாகிய ஓர்லியான் கோமகனை 1407-இல் பாரிசு நகரத்துத் தெருவிலேயே ஆளேவிக் கொல்வித்தார். 1419-இல் அவரும் பாலமொன்றில், பேச்சுவார்த்தைக்கென்று வந்தவிடத்தில், பட்டத்து இளவரசரின் கண்ணெதிரே வெட்டுண்டார். அவர் மகன் தந்தையின் கொலைக்குப் பழிவாங்க ஆங்கிலேயரோடு சேர்ந்தார். 1430-இல் ஜோன் என்னும் வீரமங்கையைப் போர்க்களத்தில் பிடித்து ஆங்கிலேயரிடம் பொருளுக்கு விற்றவர்கள் பிரான்சின் அயலார் அல்லர். பிரெஞ்சு அரச குடும்பத்தின் கிளையாகிய பர்கண்டிக் கோமகனின் ஆட்களேயாவர். 1477-இல் நான்சி நகரத்துப் போரில் அக்குடியின் கடைசிக் கோமகன் ஆண்மகவின்றி மாண்டபின்னரே பர்கண்டி மீண்டும் மன்னரின் கைக்கு வந்தது. அன்போடு கொடுத்த பங்கைத் திரும்பப் பெற நூற்றுப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

ஐந்து மைந்தரும் இரண்டு ரோசாக்களும்

இங்கிலாந்தில் கோமகன் பட்டம் சற்றுப் பிந்தியே தோன்றியது. 1337-இல் மூன்றாம் எட்வர்டு மன்னர் ஆறு வயது நிரம்பிய தம் மூத்த மகனைக் கார்ன்வால் கோமகன் ஆக்கினார். அந்நாட்டின் முதற் கோமகன் அச்சிறுவனே. அவருடைய மைந்தருள் ஐவர் வளர்ந்து ஆளாயினர். 1362-இல், மன்னர் தமது ஐம்பதாம் பிறந்த நாளில், லயனல் என்னும் மகனைக் கிளாரன்சு கோமகனாகவும், ஜான் என்னும் மகனை லங்காஸ்டர் கோமகனாகவும் உயர்த்தினார். அவர்க்குப் பின் பேரன் இரண்டாம் ரிச்சர்டு சிறு வயதிலேயே அரசரானார். அவர் 1385-இல் தம் சிற்றப்பன்மாராகிய எட்மண்டை யார்க் கோமகனாகவும், தாமசைக் குளௌஸ்டர் கோமகனாகவும் ஆக்கினார்.

இப்பட்டங்கள் வெறும் பெயர்கள் அல்ல. எடுத்துக்காட்டாக, ஜான் தம் மனைவி வழியாக லங்காஸ்டர் குடியின் பெருஞ்சொத்தை அடைந்திருந்தார். கோட்டைகளும் ஊர்களும் ஏவலாளரும் படைவீரரும் அவர் சொற்கேட்டு நடந்தனர். இவ்வாறு செல்வாக்குப் பெற்ற சிற்றப்பன்மார் சூழ்ந்திருக்க, நடுவே இளமன்னர் அமர்ந்திருந்தார். அச்சம் பிறந்தது, அச்சம் தவற்றைப் பிறப்பித்தது. 1397-இல் குளௌஸ்டர் கோமகன் மன்னரின் காவலில் இருந்தபோது கொல்லப்பட்டார். 1399-இல் ஜான் இறந்ததும், அவர் மகன் ஹென்றிக்குச் சேரவேண்டிய சொத்துக்களை மன்னர் கைப்பற்றிக்கொண்டார். நாடு கடத்தப்பட்டிருந்த ஹென்றி, தந்தையின் சொத்தைக் கேட்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு கரையிறங்கினார், அரியணையையே எடுத்துக்கொண்டார். நான்காம் ஹென்றி என்று வரலாறு அவரைக் குறிக்கும்.

ஒருவர் செய்தது மற்றவர்க்கும் வழியாயிற்று. லங்காஸ்டர் குடி முடி சூடலாமெனில் யார்க் குடி சூடலாகாதா? பெண்வழியாக லயனலின் உரிமையும், ஆண்வழியாக எட்மண்டின் உரிமையும் தம்மிடம் வந்து சேர்ந்தன என்று யார்க் குடியினர் வாதிட்டனர். 1455-இல் தொடங்கிய போர் முப்பது ஆண்டுகள் விட்டுவிட்டு நிகழ்ந்தது. சிவப்பு ரோசாவும் வெள்ளை ரோசாவும் இரு தரப்பார்க்கும் அடையாளங்களாகக் கருதப்பட்டமையால் பிற்காலத்தார் இதனை ரோசாப் போர் என்றனர். பெயரில்தான் மலரின் மென்மை உண்டு. யார்க் கோமகன் ரிச்சர்டு 1460-இல் களத்தில் மடிந்தார். அவர் மகன் நான்காம் எட்வர்டு மறு ஆண்டில் அரசரானார். தம் உடன்பிறந்த தம்பியாகிய கிளாரன்சு கோமகனை 1478-இல் துரோகக் குற்றத்திற்காகக் கொல்வித்தார். மற்றொரு தம்பியாகிய குளௌஸ்டர் கோமகன் 1483-இல் அண்ணன் மகனை விலக்கிவிட்டு மூன்றாம் ரிச்சர்டு என்று முடி சூடிக்கொண்டார். விலக்கப்பட்ட சிறுவனும், அவன் தம்பியாகிய ஒன்பது வயது யார்க் கோமகனும் லண்டன் கோட்டைக்குள் சென்றவர்கள் பின்னர் வெளியே காணப்படவில்லை. 1485-இல் பாஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்டும் வீழ்ந்தார்.

ஒரு முதியவர் தம் மைந்தர்க்கு மகிழ்ச்சியோடு அளித்த பட்டங்கள், அவர்தம் பேரரும் கொள்ளுப்பேரரும் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளும் கருவிகள் ஆயின. இதில் கொடுத்தவரின் நோக்கம் தீயதன்று. கொடுத்த பொருளே தீங்கின் வித்தாயிற்று. மண்ணும் படையும் உரிமையும் ஒருவன் கையில் சேர்ந்தால், அவன் தம்பியாயினும் சிற்றப்பனாயினும் இன்னோர் அரசனே ஆகிறான்.

பெயர் மட்டும் எஞ்சியது

வென்று முடி சூடிய ஏழாம் ஹென்றி இப்பாடத்தை உணர்ந்தவர். லங்காஸ்டர் நிலங்களை மன்னரின் தனியுடைமையாகவே வைத்துக்கொள்ளும் முறை நான்காம் ஹென்றி காலத்திலேயே ஏற்பட்டிருந்தது, அது தொடர்ந்தது. கார்ன்வால் நிலங்கள் மூத்த மைந்தனுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தன. இவ்விரண்டும் இன்றளவும் அவ்வாறே உள்ளன. இளையவர்க்குப் பெரும்பாலும் எஞ்சியவை ஊர்ப்பெயர்களே.

ஆனால் வெறும் பெயருக்கும் வலிமை உண்டு என்பதை அவர் மறக்கவில்லை. லண்டன் கோட்டையில் மறைந்த சிறுவனாகிய யார்க் கோமகன் நானே என்று பெர்க்கின் வார்பெக் என்னும் இளைஞன் அந்நாளில் ஐரோப்பிய அரசவைகளில் உரிமை கொண்டாடித் திரிந்தான். அவனை மறுக்க வேண்டி ஏழாம் ஹென்றி 1494-இல் தம் இரண்டாம் மகனாகிய மூன்று வயதுக் குழந்தைக்கு யார்க் கோமகன் பட்டத்தைச் சூட்டினார். பட்டத்தின் பெயரை ஒரு குழந்தையின் மேல் வைத்து, பகைவனுக்கு அப்பெயர் கிடைக்காதவாறு செய்த சூழ்ச்சி அது.

அது முதல் மன்னரின் இரண்டாம் மைந்தர்க்கு யார்க் கோமகன் பட்டம் அளிப்பது வழக்கமாயிற்று. இப்பட்டத்தின் ஊழ் விந்தையானது. மூன்று வயதில் அதனைப் பெற்ற குழந்தை, தமையன் இறந்தமையால், எட்டாம் ஹென்றியாக அரசாண்டது. 1605-இல் பெற்றவர், அவ்வாறே தமையன் இறக்க, முதலாம் சார்லஸ் ஆகி, 1649-இல் நாடாளுமன்றத்தாரின் தீர்ப்பினால் தலையிழந்தார். அவர் மகன் இரண்டாம் சார்லஸ் தம் தம்பியாகிய யார்க் கோமகன் ஜேம்சுக்கு 1664-இல் கடலுக்கு அப்பால் ஒரு பங்கு கொடுத்தார். அமெரிக்கக் கரையில் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய துறைமுகம் அது. அதற்குத் தம்பியின் பட்டப் பெயரே இடப்பட்டது. அதுவே இன்றைய நியூயார்க். உள்நாட்டில் தம்பிக்கு நாடு கொடுத்தால் கலகம் விளையும். கடல் கடந்த மண்ணைக் கொடுத்தால் அப்பெயர் அங்கே ஊராகிறது. கன்னாட்டின் பெயர் தில்லிக்கு வந்த வழியை இங்கேயே நாம் காணத் தொடங்குகிறோம்.

படியளக்கும் மன்றம்

1688-ஆம் ஆண்டுப் புரட்சியில் அந்த ஜேம்சும் அரியணை இழந்து ஓடினார். அதன்பின் நாட்டின் வருவாயை நாடாளுமன்றம் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1760-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அரச நிலங்களின் வருவாயை நாட்டுக்கு ஒப்படைத்துவிட்டு, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் நாடாளுமன்றம் அளிக்கும் தொகையைப் பெற உடன்பட்டார். மன்னரிடமே பங்கு கொடுக்க நிலம் இல்லை என்னும் நிலை இவ்வாறு ஏற்பட்டது. இனி இளையவர்க்குச் சோறிடுவது தந்தையல்ல. மக்களின் பெயரால் கூடும் மன்றமே.

மூன்றாம் ஜார்ஜுக்குப் பதினைந்து மக்கள். ஆண்மக்களுள் எழுவர் வளர்ந்து ஆளாயினர். யார்க், கிளாரன்சு, கென்ட், கம்பர்லாந்து, சசெக்சு, கேம்பிரிட்ஜ் என்று இளையவர் அறுவர்க்கும் பட்டங்கள் வந்தன. பழைய கோமகன்கள் படை திரட்டினர். இவர்களோ கடன் திரட்டினர். முன்னோர் அரியணைக்காக உடன்பிறந்தாரோடு போரிட்டனர். இவர்கள் படித்தொகையை உயர்த்துமாறு மன்றத்தை வேண்டி நின்றனர். பார்ப்பதற்கு இழிவாகத் தோன்றினும், நாட்டிற்கு இது எத்துணைப் பெரிய நன்மை!

1817-இல் இவ்வமைப்புக்கு ஒரு சோதனை வந்தது. மூத்த இளவரசரின் ஒரே மகளாகிய சார்லட் மகப்பேற்றின்போது இறந்தாள். மன்னருக்கு மக்கள் பலர் இருந்தும், சட்டப்படி முடிக்குரிய பேரன் பேத்தி ஒருவரும் இல்லை. அதுவரை மணமின்றிக் காலங்கழித்த கோமகன்கள் விரைந்து மணமுடித்தனர். 1818-ஆம் ஆண்டில் மட்டும் கிளாரன்சு, கென்ட், கேம்பிரிட்ஜ் ஆகிய மூவர்க்கும் திருமணம் நிகழ்ந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன்னாயின் இத்தகைய வெற்றிடம் உள்நாட்டுப் போரில் முடிந்திருக்கும். இப்பொழுது அது தொட்டில் கட்டும் போட்டியாக முடிந்தது. கென்ட் கோமகனுக்கு 1819 மே மாதத்தில் பிறந்த பெண்மகவே விக்டோரியா. எட்டுத் திங்கள் கழித்துத் தந்தை இறந்தார். பதினெட்டு வயதில் அவள் அரசியானாள். 1877-ஆம் ஆண்டு முதல் நாளன்று இத்தில்லியில் நடந்த தர்பாரில் இந்தியப் பேரரசி என்று அறிவிக்கப்பட்டாள்.

கன்னாட் கோமகன் கண்ட இந்தியா

விக்டோரியா அரசியார் தம் இளைய மைந்தர்க்கு எடின்பரோ, கன்னாட், ஆல்பனி என்னும் பட்டங்களை அளித்தார். ஸ்காட்லாந்தின் பெயரும் அயர்லாந்தின் பெயரும் அவற்றில் இடம்பெற்றமை நோக்கத்தக்கது. பட்டம் ஆட்சியைக் குறிக்காது போயினும், இப்பகுதிகளெல்லாம் ஒரு முடியின் கீழ் உள்ளவை என்பதை மக்கட்கு நினைவூட்டும் முத்திரையாக அது பயன்பட்டது.

ஆர்தர் இளவரசர் படைத்தொழிலையே வாழ்வாகக் கொண்டவர். 1886 முதல் 1890 வரை பம்பாய்ப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். 1903-ஆம் ஆண்டுத் தில்லி தர்பாருக்குத் தம் தமையனாராகிய ஏழாம் எட்வர்டு மன்னரின் சார்பில் வந்தார். 1911 முதல் 1916 வரை கனடா நாட்டின் கவர்னர் ஜெனரலாகப் பணிபுரிந்தார். மண் இல்லாத கோமகனுக்குப் பணி இருந்தது. தமையனுக்கு மாற்றாக நின்று பகைப்பதற்குப் பதிலாக, தமையனுக்குப் பதிலாளாகச் சென்று விழாக்களைத் தொடங்கிவைப்பது அப்பணி.

1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி அமைந்த சட்டசபைகளைத் தொடங்கிவைக்க 1921-இல் அவரே மீண்டும் அனுப்பப்பட்டார். அவ்வாண்டு ஜனவரி 12-ஆம் நாள் சென்னைச் சட்டசபையைத் தொடங்கிவைத்தார். தமிழகத்துக்கும் இக்கோமகனுக்கும் உள்ள நேர்த்தொடர்பு அது. பின்னர்த் தில்லிக்கு வந்து மத்திய சட்டமன்றங்களைத் தொடங்கிவைத்தார். பிப்ரவரி 10-ஆம் நாள் இன்று இந்தியா கேட் எனப்படும் போர் நினைவுச் சின்னத்திற்கும், 12-ஆம் நாள் நாடாளுமன்றக் கட்டடத்திற்கும் அடிக்கல் நாட்டினார்.

அன்று நாட்டின் நிலை வேறாக இருந்தது. ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்து இரண்டாண்டுகூட நிரம்பவில்லை. ஒத்துழையாமை இயக்கம் ஓங்கியிருந்தது. தம் தில்லி உரையில் அமிர்தசரசின் நிழல் இந்நாட்டின் மீது படர்ந்திருப்பதைக் கோமகனே வருத்தத்தோடு குறிப்பிட்டார். அவர் வரவை மக்கள் புறக்கணிக்க வேண்டும் என்ற காந்தியடிகள், அவருக்கு வெளிப்படையாக ஒரு கடிதமும் எழுதினார். எங்கள் எதிர்ப்பு உங்கள் மீதன்று, நீங்கள் சார்ந்து வந்திருக்கும் ஆட்சிமுறையின் மீதே என்பது அதன் கருத்து. முதியவரான அவ்விளவரசரின் நிலையை இதனினும் தெளிவாக யாரும் உரைத்திலர். அவர் கையில் கொடுமை செய்யும் அதிகாரமும் இல்லை. கொடுமையைத் துடைக்கும் அதிகாரமும் இல்லை. வருந்துதற்கு மட்டுமே அவருக்கு உரிமை இருந்தது.

அவர் பெயரால் அமைந்த வட்டக் கடைவீதி, ராபர்ட் டார் ரசல் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1929-இல் தொடங்கி 1933-இல் நிறைவுற்றது. அதற்குள் அயர்லாந்தின் பெரும்பகுதி 1922-இல் தன்னாட்சி பெற்றுவிட்டது. கன்னாட் மாகாணம் அதனுள் அடங்கும். பட்டத்தின் பெயருக்குரிய மண்ணே பிரிந்து சென்றபின்னும் பட்டம் நின்றது. 1942-இல் ஆர்தர் இறந்தார். அவருக்குப் பின் பட்டம் பெற்ற பேரரும் 1943-இல் மறைய, அப்பட்டம் வழியற்று ஒழிந்தது. இந்தியா விடுதலை பெற்றபோது கன்னாட் கோமகன் என்று உலகில் ஒருவரும் இல்லை. கன்னாட் பிளேஸ் மட்டும் இருந்தது.

பறித்தலும் துறத்தலும்

கொடுத்த மண்ணைத் திரும்பப் பெறப் போர் வேண்டும். கொடுத்த பெயரைத் திரும்பப் பெற ஏடும் எழுத்தும் போதும். முதல் உலகப் போரில் ஜெர்மனியின் பக்கம் நின்ற ஆல்பனி, கம்பர்லாந்து கோமகன்களின் பட்டங்கள், 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1919-இல் பறிக்கப்பட்டன. ஒரு துளிக் குருதியும் அதற்காகச் சிந்தவில்லை.

1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்டு மன்னர், தாம் விரும்பிய மங்கையை மணப்பதற்காக முடி துறந்தார். யார்க் கோமகனாகிய தம்பி ஆறாம் ஜார்ஜ் என்னும் பெயரால் அரசரானார். முடி துறந்த தமையனுக்கு வின்சர் கோமகன் பட்டத்தை அளித்தார். தமையன் தம்பிக்குப் பட்டம் கொடுத்துவந்த மரபில், தம்பி தமையனுக்குப் பட்டம் கொடுத்த விந்தை அன்று நிகழ்ந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு தம்பி முடி சூடியபோது தமையனின் பிள்ளைகள் மறைந்தனர். இப்பொழுது ஒரு கையெழுத்தோடு எல்லாம் முடிந்தது.

நம் காலத்திலும் இவ்வரலாறு தொடர்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறப்புரிமை கொண்டு பிரபுக்கள் சபையில் அமரும் உரிமை, அரச குடும்பத்துக் கோமகன்கள் உட்படப் பெரும்பாலோர்க்கு நீங்கிற்று. 2018-இல் சசெக்சு கோமகன் பட்டம் பெற்ற ஹாரி இளவரசர் 2020-இல் அரசப் பணிகளிலிருந்து விலகினார். 2023-இல் எடின்பரோ கோமகன் பட்டம் எட்வர்டு இளவரசருக்கு அளிக்கப்பட்டபோது, அது அவர் ஆயுள் வரைக்கும் மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது. 1986-இல் யார்க் கோமகன் ஆன ஆண்ட்ரூ, தாம் கொண்டிருந்த தொடர்புகளைக் குறித்து எழுந்த கடுங்கண்டனத்தால், 2025 அக்டோபரில் அப்பட்டத்தை வழங்குவதைக் கைவிட்டார்; அத்திங்களிலேயே அவருடைய இளவரசர் என்னும் பெயரையும் நீக்குவதென்று தமையனாராகிய மூன்றாம் சார்லஸ் மன்னர் முடிவு செய்தார். பெருமக்கள் பதிவேட்டிலிருந்து யார்க் கோமகன் என்னும் பெயர் எடுக்கப்பட்டது. பழைய யார்க் கோமகன்களின் கதையை அறிந்தவர்க்கு, இப்பட்டம் எவ்வளவு தொலைவு வந்துவிட்டது என்பது விளங்கும்.

முடிவுரை

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அரச குடும்பத்துத் தம்பியர் நல்லவராக மாறியதால் நாட்டில் அமைதி உண்டாகவில்லை. அவர்கள் பங்கு கேட்பதற்குரிய பொருள் குடும்பத்தின் கையிலிருந்து மக்கள் மன்றத்தின் கைக்கு மாறியது. அமைதி அதனால் வந்தது. நாடு என்பது தந்தை மைந்தர்க்குப் பிரித்துக் கொடுக்கும் சொத்தாக இருந்தவரை குருதி ஓடியது. அது சொத்தன்று என்று ஆனபோது, பெயரைக் கொடுப்பதும் பெயரை எடுப்பதும் மட்டுமே எஞ்சின. தில்லியில் கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டிய அக்கட்டடத்திலேயே பின்னாளில் நம் அரசியல் நிருணய சபை கூடியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டம் பட்டங்களை ஒழித்தது. பிறப்பினால் ஆட்சி உரிமை இல்லை என்று நிலைநாட்டியது. அக்கட்டடம் 2023 முதல் சம்விதான் சதன், அதாவது அரசியலமைப்பு இல்லம், என்று பெயர் பெற்றிருப்பது பொருத்தமே.

இன்னும் ஒன்று. நம்மில் பலர் தம் பெயருக்கு முன்னே ஓர் எழுத்தைச் சுமந்துகொண்டு இந்நகருக்கு வந்தவர்கள். அவ்வெழுத்து ஓர் ஊரின் பெயர். அவ்வூரில் நமக்கு இன்று நிலம் இல்லாதிருக்கலாம்; வீடு கைமாறியிருக்கலாம்; தமையனார் ஊரோடு நிற்க, தம்பியாகப் பிறந்த காரணத்தாலேயே வடக்கே வேலை தேடி வந்தவரும் நம் காலனியில் உண்டு. மண் போய்ப் பெயர் நின்ற நிலை நமக்கும் உரியதே. ஆனால் ஒரு வேற்றுமை: கன்னாட் கோமகன் சுமந்த பெயருக்குரிய மண்ணில் அவர் முன்னோர் ஏர் பிடித்ததில்லை. நம் முன்னெழுத்துக்குரிய ஊரில் நம் பாட்டன்மார் உழுதனர்; பாட்டிமார் நீர் சுமந்தனர். அப்பெயர் எந்த அரசரும் அளித்ததன்று. எவரும் பறிக்கக் கூடியதுமன்று.

அடுத்த முறை ஊரிலிருந்து வரும் பெற்றோர் அவ்வெள்ளைத் தூண்களின் நிழலில் நின்று பெயரின் பொருளைக் கேட்டால், துரை ஒருவரின் பெயர் என்று சொல்லிக் கடந்துவிடாமல், சற்றே அமர்ந்து இக்கதையைச் சொல்லுங்கள். பிள்ளைகளும் உடனிருந்து கேட்கட்டும். அவர்கள் பெயருக்கு முன்னுள்ள எழுத்தின் கதையைப் பாட்டனாரிடம் கேட்டறிய அதுவே நல்ல தொடக்கமாகும்.